பொட்டு வைத்த மீட்டர்கள்

"எந்தக் கையால பிடிப்பீங்க?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நான் நீட்டிய மீட்டரை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலது கையாலதான். ஏன் மேடம்?"

"எல்லாரும் வலது கையா? இடது கையால நெல்லள்ளிப் போடுறவங்க உங்க பக்கம் கிடையாதா?"

தஞ்சாவூர்த் தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கும் ஐஸ்கிரீம் குடோனுக்கும் நடுவே இருந்தது அந்தச் சின்னச் சோதனைக்கூடம். அதற்கு அவர்தான் பொறுப்பு. மின்னணுச் சாதனங்களை, உரசலில் உடம்பில் ஏறும் ஸ்டாட்டிக் மின்சாரத்தைத் தாங்குமா என்று சுட்டுப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஆம், சுட்டுத்தான். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, அதற்கு ஒரு கூர்மூக்கு, அதிலிருந்து ஒரு நீலப்பொறி. சாதனம் அதைத் தாங்கினால் பாஸ்.

நான் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். எனக்கு எல்லாமே அன்றைக்கே நடந்தாக வேண்டும். கும்பகோணம் சாலையில் ஒரு ஷெட்டில் நாங்கள் ஐந்தாறு பேர் நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் செய்துகொண்டிருந்தோம். எங்கள் முதலாளி, நாங்கள் 'சார்' என்று கூப்பிடுகிறவர், முன்பு செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். கிண்ணத்தில் ஒரு பிடி நெல்லைப் போட்டு மூடி, பொத்தானை அழுத்தினால் ஈரம் எவ்வளவு என்று எண் வரும். பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் நெல்லை எடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த எண்ணுக்காகத்தான் எங்கள் ஊரில் ஒரு போகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

போன மாசியில் என் சித்தப்பா அந்த எண்ணிடம் மாட்டினார். திருவிடைமருதூர்ப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. தாத்தா அதே வயல்களில் கூலிக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். சித்தப்பா அங்கேயே தன் பெயரில் நெல் போடுகிறார். உழவர் குழுவின் களத்துக்கு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் மீட்டரைத்தான் அங்கே வெள்ளோட்டம் விட்டிருந்தோம். ஒரு மூட்டையில் கைவிட்டு அள்ளிப் போட்டார்கள், பதினாறு. அதே மூட்டை, அதே கிண்ணம், இன்னொரு பிடி, இருபத்தொன்று. களத்து மேலாளர் பெரிய எண்ணை நம்பினார். சித்தப்பா மொத்த நெல்லையும் திருப்பி ஏற்றிப்போய்த் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்தார். இரவு பனி இறங்கி, காய்ந்த நெல் நிஜமாகவே நனைந்தது. மறுநாள் போன் செய்தார்.

"பாப்பா, அந்த மீட்டரு நீ செஞ்சதா?"

"ஆமா சித்தப்பா."

"சரி." போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

எங்கே தப்பு என்று நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். மாசி மத்தியானக் காய்ச்சல் வெயில், பிளாஸ்டிக் சாக்கு, ரப்பர் செருப்பு, நைலெக்ஸ் புடவை. சாக்கை இழுத்து நெல்லை அள்ளுகிறவர் உடம்பில் ஸ்டாட்டிக் ஏறிவிடுகிறது. அவர் மீட்டரைத் தொட்டதும் 'சுருக்'கென்று ஒரு பொறி. அதில் மீட்டருக்குள் இருக்கும் பயிர்த் தேர்வு நெல்லிலிருந்து உளுந்துக்குத் தாவிவிடுகிறது. அப்புறம் அது நெல்லை உளுந்து என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். மூலையில் சின்ன எழுத்தில் 'உ' என்று காட்டும். களத்து அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

அடுத்த தை அறுவடைக்குள் இதைச் சரிசெய்து தந்தால் உழவர் குழு எல்லாக் களங்களுக்கும் எங்கள் மீட்டரையே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சித்தப்பா மாதிரி இன்னும் எத்தனை பேரோ. சோதனைச் சான்று வாங்கிவா என்று சார் என்னை அனுப்பினார். ஒரே நாளில் முடித்துக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று போனேன்.

அவரிடம் எதுவும் ஒரே நாளில் முடியாது.

தரையில் சாக்கட்டியால் இரண்டு பாதங்கள் வரைந்து வைத்திருந்தார். சுடுகிறவர் அந்தப் பாதங்களின்மேல்தான் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேலியைத்தான் செய்வார்கள். "என்ன மேடம், கிருஷ்ண ஜயந்தி முடிஞ்சும் பாதத்த அழிக்கலையா?" அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "அவரு வெண்ணெய்க்கு ஒரு தடவதான் வருவாரு. நீங்க நாலு தடவ வரணும், இங்கயே நில்லுங்க" என்பார்.

துப்பாக்கியிலிருந்து தரைத்தகட்டுக்குப் போகும் ஒயரை மரக்கொக்கிகளில் மாட்டி எப்போதும் ஒரே வளைவில் ஓட விட்டிருந்தார். அந்த ஒயர் மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கினால் ஒரு முடிவு, தள்ளிக் கிடந்தால் வேறு முடிவு. நான் முதல் நாளே அதில் மாட்டினேன். காலையில் என் மீட்டர் பாஸ், மத்தியானம் ஃபெயில். குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் ஒயரைத்தான் முதலில் பார்த்தார். "யாரு இதை அவுத்து விட்டது?" நான்தான். கால் தட்டும் என்று கழற்றி ஓரமாகப் போட்டிருந்தேன்.

கையை மீட்டரை நோக்கிக் கொண்டுபோகிற வேகம்கூட முக்கியம். மெதுவாகப் போனால் பொறி சோம்பலாக விழும், வேகமாகப் போனால் வெட்டி விழும். ஒரு தடவை சுட்டபின் மிச்சம் தங்குகிற ஸ்டாட்டிக்கை ஒரு கரித்தூரிகையால் வருடி இறக்கிவிட்டுத்தான் அடுத்தது. அறையின் ஈரப்பதத்தைப் பார்த்துச் சொல்லாமல் விசையைத் தொட மாட்டார். ஐப்பசி மழை நாளில் யாராவது சாதனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஏசியைப் போட்டுவிட்டு, "காத்து காயட்டும், டீ குடிச்சுட்டு வாங்க" என்று வெளியே அனுப்பிவிடுவார். மழைக்காற்றில் ஸ்டாட்டிக் நிற்காது, எல்லாம் பாஸ் ஆகிவிடும். மழைநாள் பார்த்து வருகிற கம்பெனிக்காரர்களும் உண்டு.

எப்போதும் பருத்திப் புடவைதான். ரசனை என்று நினைத்து ஒருநாள், "உங்களுக்குக் கைத்தறி ரொம்பப் பிடிக்குமாக்கா?" என்றேன். அதற்குள் நான் அக்காவுக்கு மாறியிருந்தேன், அவரும் என்னை நீ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"பளபளன்னு கட்டத்தான் ஆசை. அதுல ஸ்டாட்டிக் ஏறும். துப்பாக்கி சுடுதா நான் சுடுறேனான்னு தெரியாதுல்ல?"

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வார்த்தை. "இன்னொரு தடவ."

பாஸானாலும் இன்னொரு தடவை. ஃபெயிலானாலும் இன்னொரு தடவை. தொழிற்பேட்டையில் அவரை ரிப்பீட்டு மேடம் என்பார்கள். எதிர் டீக்கடையில் அவருக்கு ஸ்ட்ராங் டீ போட்டுக் கொடுத்தவர், "நேத்து மாதிரியே இருக்கா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் காசு வாங்குவார்.

அவர் ஊர் பேராவூரணி தாண்டிக் கடற்கரை. அப்பா படகுக்காரர். மேடத்தின் கல்யாணக் கதையை டெக்னீஷியன் செல்வம் அண்ணன் எனக்குச் சொன்னார். அவர் இல்லாதபோது அல்ல, அவர் எதிரிலேயே.

"பொண்ணு பாக்க வந்தாங்களாம். பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆச்சு. மாப்பிள்ளை வீட்டுல புடிச்சிருக்குன்னுட்டாங்க. மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னொரு தடவ வாங்க, ஆனா சொல்லாம வாங்கன்னாங்களாம்!"

"வந்தாரா?"

"வந்தாரே! காலையில மீன் ஏலம் நடக்கற நேரத்துக்கு வந்து எறங்கினாரு. அப்பா லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வலையோட நிக்கறாரு. மேடம் தலை வாரல. அந்த மனுசன் ஐஸ்பெட்டி மேல உக்காந்து கட்டஞ்சாயா குடிச்சுட்டு, ஏலம் முடியற வரைக்கும் பொட்டி தூக்கி விட்டாராம். அன்னிக்குத்தான் மேடம் சரின்னாங்க."

அவர் மீட்டரைத் துடைத்துக்கொண்டே தலைநிமிராமல் சொன்னார். "கேசரி சாப்பிடறப்ப எல்லாரும்தான் நல்லவங்க. அது ஒரு ரீடிங்கு. ஒரு ரீடிங்க வச்சுக்கிட்டு யாராவது வாழ்க்கை நடத்துவாங்களா?"

எல்லோருக்கும் இது பிடிக்காது, நியாயம்தான். ஒருநாள் வாடிக்கையாளர் எதிரில் செல்வம் அண்ணன் ஒரு முடிவைச் சொல்ல, இவர் வழக்கம்போல "இன்னொரு தடவ பாருங்க" என்றார். அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"என் கண்ணுல என்ன மேடம் கோளாறு?"

"உங்க கண்ணுன்னு சொல்லலையே. நான் பாத்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்."

"சொல்வீங்க. ஆனா நாலு பேர் முன்னால கேக்கறப்ப நான் பொய் சொன்ன மாதிரில்ல இருக்கு."

மத்தியானம் அவர் தன் டப்பாவிலிருந்த வஞ்சிர வறுவலை அண்ணன் தட்டில் வைத்தார். அண்ணன் மீனைச் சாப்பிட்டார், உடனே எழுந்து போய்விட்டார். சந்தேகப்படுவது ஆளை அல்ல, முடிவைத்தான் என்று மேடம் நினைத்தார். எதிரில் நிற்கிற ஆளுக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டுமே. எனக்கும் முதல் சில வாரம் தெரியவில்லை. ஒரு தடவைகூட "நல்லா பண்ணிருக்க" என்று சொல்லாதவரிடம் எதற்கு இப்படி ஓடி ஓடி வருகிறேன் என்று பஸ்ஸில் நினைத்துக்கொள்வேன். மறுபடி போவேன். வேறு எங்கேயும் ஒரு விஷயம் உண்மையா என்று தெரிந்துகொள்ள யாரும் அவ்வளவு சிரமப்பட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் மீட்டர் எங்கே தோற்கிறது என்று அவர் ஒரு வாரத்தில் துல்லியமாகக் காட்டிவிட்டார். மேல் மூடியும் கீழ்ப் பாடியும் சேருகிற இணைப்புக் கோடு, அதுவும் திரைக்கு நேர் மேலே, நடுவில். அந்த மயிரிழை இடைவெளி வழியே பொறி உள்ளே நுழைகிறது. நான் ஷெட்டுக்கு ஓடினேன். உள்ளே செப்புத்தாள் ஒட்டினேன், ஒரு பாதுகாப்பு டயோடு சேர்த்தேன். புதிதாக மூன்று மீட்டர் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் ஆயுத பூஜை. சோதனை விடுமுறைக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டார்.

விடுமுறை முடிந்து போனபோது அந்த அறையே மணத்தது. ஏசிக்கு ஒரு பொட்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, துப்பாக்கிக்கு விபூதிப் பட்டை, மரமேசைக்கு மாலை. எங்கள் மூன்று மீட்டர்களும் குளித்துப் பொட்டிட்ட பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. பூஜையில் சந்தனம் வைப்பது எப்போதும் மேடம்தான் என்று செல்வம் அண்ணன் சொன்னார். வேறு யார் வைத்தாலும் கோணலாகிவிடுமாம்.

சுட ஆரம்பித்தார். பாஸ். இன்னொரு தடவை, பாஸ். செல்வம் அண்ணனைப் பாதங்களின்மேல் நிற்கவைத்துச் சுடச் சொன்னார், பாஸ். அடுத்த மீட்டர், அதற்கடுத்தது. மறுநாள் காலை, மத்தியானம், ஏசியோடு, ஏசி இல்லாமல். எல்லாம் பாஸ். முடிவுகள் ஒன்றுக்கொன்று இம்மி பிசகவில்லை. கடைசியில் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "இப்படி வந்தாத்தான் நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு போல ஒன்று வந்து நான் கேட்டது அப்போதுதான். சான்றில் கையெழுத்துப் போட்டார். சார் லட்டு வாங்கி அனுப்பினார். நான் சித்தப்பாவுக்குப் போன் செய்து, "இந்த வருசம் பயமில்லை" என்றேன். "பாக்கலாம்" என்றார்.

சில வாரம் கழித்து, உழவர் குழுத் தலைவரிடம் காட்டப் புதிதாக நான்காவது மீட்டர் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் சான்றின் நகல் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று அவரிடம் இறங்கினேன். அவர் நகலை எடுத்துக் கொடுத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"அது என்ன, புதுசா? கொண்டா, ஒரு தடவ பாத்துடுவோம்."

"அக்கா, சான்றே குடுத்தாச்சே! தலைவர் காத்திருப்பாரு."

"ஒரு தடவதான்."

சுட்டார். திரை மின்னியது. மூலையில் 'உ'.

"இது நான் அவசரத்துல ஒட்டினது. உள்ள ஏதோ லூசா இருக்கும்" என்றேன். திறந்து பார்த்தோம். மூன்று மீட்டர்களில் இருந்த எல்லாம் அதே இடத்தில் இதிலும் இருந்தது. அலமாரியிலிருந்து பழைய மூன்றையும் எடுத்துச் சுட்டார். மூன்றும் பாஸ். நான்காவது மறுபடி ஃபெயில். ஒயர் சரி, பாதம் சரி, காற்றின் ஈரம் சரி. நான்கையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். தலைவரிடமிருந்து எனக்கு இரண்டு போன் வந்துவிட்டது.

இறுக்கத்தைத் தளர்த்தத்தான் செல்வம் அண்ணன் அப்படிச் சொன்னார். "மூணு புள்ளைங்களுக்குப் பொட்டு வச்சுட்டு இவர மட்டும் விட்டுட்டீங்கல்ல மேடம். அந்தக் கோவம்தான் இந்த நாலாவதுக்கு!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

மூன்று மீட்டர்களிலும், திரைக்கு நேர் மேலே, நடுவில், இணைப்புக் கோட்டின்மேல் கச்சிதமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். ஒரே அளவு, ஒரே இடம். ஒரு நெற்றியின் நடுவைத் தேடுகிற விரல் ஒவ்வொரு தடவையும் அங்கேதான் போயிருக்கிறது. சந்தனம் இடைவெளிக்குள் இறங்கிக் காய்ந்து, பொறி நுழைகிற வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

எத்தனை நாள் அந்த மீட்டர்களைப் பார்த்தோம்! பார்க்கவே இல்லை. நம் ஊரில் லேத் மிஷினிலிருந்து லாரி வரைக்கும் எதில்தான் பொட்டு இல்லை? பொட்டு வைத்த ஒன்றைப் பார்த்தால், பூஜை நடந்திருக்கிறது என்றுதான் கண் சொல்லும், இங்கே ஒரு பொருள் ஒட்டியிருக்கிறது என்று சொல்லாது.

"ஈரத்துணி" என்றார்.

"மேடம், பூஜைப் பொட்டு..." அண்ணன் குரல் இறங்கியது. "நாமளா அழிக்கலாமா?"

அவர் ஒரு கணம் தயங்கினார். அவர் அந்தப் பொட்டை விளையாட்டாக வைக்கிறவர் அல்ல. கன்னத்தில் போட்டுக்கொண்டார், பிறகு துடைத்தார். பல் குத்தும் குச்சியால் கோட்டைச் சுரண்டினார். காயவிட்டுச் சுட்டார். 'உ'. இரண்டாவதைத் துடைத்தார். 'உ'. மூன்றாவது, 'உ'. பிறகு பூஜை மாடத்திலிருந்து சந்தனம் குழைத்து நான்காவது மீட்டரின் நெற்றியில் வைத்து, காற்றாடிக்கு அடியில் காயவிட்டு, சுட்டார். பாஸ்.

"இன்னொரு தடவ" என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அவரே சுட்டார். பாஸ்.

சார் பைக்கில் பறந்து வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார், அப்புறம் கெஞ்சினார்.

"மேடம், குடுத்த பாஸ் குடுத்ததுதானே. மூடி வார்க்கிற டையை மாத்தணும்னா தை தாண்டிடும். வேணும்னா ஒவ்வொரு மீட்டருக்கும் பொட்டு வச்சே அனுப்பறோம், மங்களகரமாவும் இருக்கும்!"

"வேர்வையில அழிஞ்சா?"

"மறுபடி வச்சுக்கச் சொல்றேன்!"

"சார்."

"நீங்க சொல்லலேன்னா யாருக்குத் தெரியும் மேடம்?"

அவர் என் பக்கம் கைகாட்டினார். "இவ சித்தப்பாவுக்குத் தெரியும். மாசி மத்தியானம் தெரிஞ்சுடும்." பிறகு குரல் கொஞ்சம் தழைந்தது. "தப்பு என்னோடது சார். பொட்ட வச்சதும் நானு, பாஸ் போட்டதும் நானு. ஒரே மாதிரி வந்துச்சா, ஒரே மாதிரி வந்துச்சான்னு பாத்தேனே தவிர, எதனால ஒரே மாதிரி வருதுன்னு கேக்கல. நான் குடுத்ததை நானே வாங்கிக்கறேன்."

சான்றை வாங்கிக் குறுக்கே கோடு போட்டார். தொழிற்பேட்டையில் இந்தக் கதை ஒரு வாரம் ஓடியது. ரிப்பீட்டு மேடத்தையே சந்தனம் ஏமாற்றிவிட்டது என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர் அங்கே நின்று டீ குடித்தபடியே, கேட்டவர்களுக்கெல்லாம் எந்த இடத்தில் பொட்டு இருந்தது, எப்படி அடைத்தது என்று விரலால் வரைந்து காட்டினார். அன்றிலிருந்து ஒரு புது வழக்கமும் வந்தது. எல்லாச் சோதனையும் முடிந்தபின், எதுவுமே தெரியாத யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, நாங்கள் தொடாத புது மீட்டரைக் கையில் கொடுப்பார். டீக்கடைக்காரர் வந்திருக்கிறார், குடோன் வாட்ச்மேன் வந்திருக்கிறார். "என் கைக்கு மட்டும் வர்ற ரிசல்ட்டு எதுக்கு?" என்பார். செல்வம் அண்ணனிடம், "நீங்க அன்னிக்குச் சொன்னது எனக்கு இப்பத்தான் வலிக்குது" என்று சொன்னதையும் நான் கேட்டேன். அண்ணன் அதற்கு, "மீன் நல்லாத்தான் இருந்துச்சு மேடம்" என்றார்.

எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்லவே மாட்டார். அது சோதிக்கிறவர் வேலை இல்லையாம். ஆனால் சந்தனமே சொல்லிவிட்டதே. செப்புத்தாளும் டயோடும் இல்லை, வழியை அடைக்க வேண்டும். டிபன் பாக்ஸ் மூடி மாதிரி மேல் பாதி கீழ்ப்பாதியின்மேல் கவிழ்ந்து உட்காரும்படி ஒரு விளிம்பு வரைந்தேன். சார் முணுமுணுத்துக்கொண்டே டையைத் திருத்தக் கொடுத்தார். தை முழுக்கப் போய்விட்டது. முதல் பெட்டி மீட்டர்கள் வந்தபோது எங்கள் பக்கம் பாதி வயல் அறுத்தாகிவிட்டது. சோதனைக்கூடத்தில் பாஸ். சான்றும் வந்தது. ஆனால் சித்தப்பா நெல் களத்துக்கு வருகிற அன்று, மேடம் லீவு போட்டுவிட்டுத் திருவிடைமருதூருக்குப் பஸ் ஏறினார்.

களத்து வாசலில் இறங்கியவரைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. மயில்கழுத்து நிறத்தில் பளபளக்கும் சிந்தெடிக் புடவை, காலில் ரப்பர் செருப்பு.

"என்னக்கா, ஏதாவது விசேஷத்துக்குப் போயிட்டு வர்றீங்களா?"

"இதான் விசேஷம்" என்றார்.

உச்சி வெயில். களத்தில் பதர் பறந்துகொண்டிருந்தது. சித்தப்பா டிராக்டர் ஓரத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். புது மீட்டரைக் களத்துப் பெண்கள் மேசைமேல் வைத்திருந்தார்கள். புதிது அல்லவா, அவர்களும் சும்மா விடவில்லை. நெற்றியில், நட்ட நடுவில், சந்தனமும் குங்குமமும்.

அவர் அதைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கைப்பையிலிருந்து ஈரத்துணியை எடுத்தார்.

"ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிக்கிற?" ஒரு பெண் சத்தமாகவே கேட்டார்.

"திருப்பி வச்சிடறேன் அக்கா. ஒரு நிமிசம்."

கோட்டைச் சுரண்டித் துடைத்து வெயிலில் காயவைத்தார். பிறகு செய்ததைக் களமே வேடிக்கை பார்த்தது. பிளாஸ்டிக் சாக்குகளைத் தரதரவென்று இழுத்தார். புடவை சாக்கில் உரசச் சித்தப்பாவின் மூட்டையில் தோள்வரை கைவிட்டு அள்ளினார். முன்கை முடிகள் சிலிர்த்து நின்றன. கிண்ணத்தில் போட்டு, மூடி, விரலை நேரே இணைப்புக் கோட்டுக்குக் கொண்டுபோனார்.

சுருக். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

திரையில் பதினாறு. மூலையில் 'நெ'.

"இன்னொரு தடவ." மறுபடி இழுத்தார், அள்ளினார், தொட்டார். சுருக். பதினாறு, 'நெ'. பிறகு பொட்டு வைத்த பெண்ணைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னார். பதினாறு. மேலாளர், பதினாறு. கடைசியில் சித்தப்பாவைப் பார்த்தார்.

"நீங்க போடுங்க அண்ணே. இடது கையால."

"எத்தனை தடவம்மா? நெல்லு காஞ்சு அவலாயிடும்போல இருக்கு" என்று சொன்னாலும் சித்தப்பா வந்தார். இடது கையால் அள்ளினார். சுருக். அவர் கையை உதறிக்கொண்டார். திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"பதினாறு சித்தப்பா."

மேலாளர் எடைமேடைப் பக்கம் கைகாட்டினார். சித்தப்பா துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு முதல் மூட்டைக்குக் குனிந்தார்.

மேடம் குங்குமச் சிமிழைக் கேட்டு வாங்கினார். சந்தனத்தைக் குழைத்தார். விரல் பழக்கத்தில் திரைக்கு மேலே போயிற்று, அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு மீட்டரைத் திருப்பி, பேட்டரி மூடிக்கும் கீழே, எந்தக் கோடும் ஓடாத வெற்றிடத்தில் ஒரு பொட்டு வைத்தார். கச்சிதமான வட்டம். கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"இனிமே இங்க வைங்க அக்கா."

அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ. கணவருக்கு மாற்றல் வந்து போனவர்தான். எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜை ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. மீட்டர்களை எல்லாம் கவிழ்த்து வைத்துத்தான் பொட்டிடுகிறோம். புதிதாகச் சேருகிறவர்கள், ஏன் சாமிக்கு முதுகைக் காட்டுகிறீர்கள் என்று கேட்பார்கள்.